மூன்று பாடம், பதின்மூன்று வருஷம்

யுத்த வித்தைகளைக் கற்பதற்காகவே தேசம் தேசமாகப் பிரயாணம் செய்கிறவர்கள் நம் காலத்தில் பெருகியிருக்கிறார்கள். தாய்லாந்தின் முவே தாய் முகாம்களில் விடியற்காலையில் சாலையோரம் ஓடுகிறவர்களிடையே ஐரோப்பியரைக் காணலாம். கேரளத்துக் களரிகளில், நாற்பத்திரண்டடி நீளமும் இருபத்தோரடி அகலமுமாகத் தோண்டிய குழிக்குள் வலக்கால் வைத்து இறங்கி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வெளிநாட்டு இளைஞர்களைக் காணலாம். ஓகினாவாத் தீவின் நாஹா நகரத்துச் சந்துகளில், வாத்தியாரின் வீட்டோடு ஒட்டியிருக்கும் சிறு பயிற்சிக்கூடங்களின் வாசலில், பல நாட்டுச் செருப்புகள் வரிசையாகக் கிடக்கக் காணலாம். இவர்களிற் பலர் இரண்டு வாரமோ ஒரு மாதமோ தங்கி, கற்றதைக் கைபேசியில் பதிந்துகொண்டு, அடுத்த தேசத்துக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். அவர்களுடைய ஆர்வம் மெச்சத்தக்கதே. ஆயினும், இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் இவ்வித்தைகள் எப்படிக் கடல் கடந்தன, எவருடைய சரீரத்தில் குடியேறிக் கடந்தன என்று ஆராயப் புகுகிறவனுக்கு, பல ஊர் சுற்றியதால் விளைந்த லாபத்தைக் காட்டிலும், போன ஊரில் தங்கியதால் விளைந்த லாபமே மிகப் பெரிது என்பது சிறிது சிறிதாகப் புலப்படும். அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1897ஆம் ஆண்டில், ஓகினாவாவின் வடபாகத்தில் மொத்தோபு என்னும் பிரதேசத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்து வாலிபன் ஒருவன், கட்டாய ராணுவ சேவை தன்னை வந்து பற்றுவதற்குமுன் தப்பிப் போகவேண்டும் என்ற எண்ணமும், சீனத்து வித்தையைச் சீனத்திலேயே கற்கவேண்டும் என்ற தாகமும் ஒருங்கே உந்த, ஃபூசோ நகரத்துக்குக் கப்பலேறினான். உயேச்சி கான்புன் என்பது அவன் பெயர்; வயது இருபது. 1879இல் ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொள்ளும் வரையில் அத்தீவுக்கூட்டம் ரியூக்யூ என்ற தனி ராஜ்யமாக விளங்கியது. அந்த ராஜ்யம் சீனச் சக்கரவர்த்திக்குக் கப்பம் செலுத்தி வாணிபம் நடத்தி வந்ததால், அதன் மக்களுக்கு ஃபூசோ புதிய ஊர் அன்று. தூதர்களும் வணிகர்களும் தங்குவதற்கென்றே அந்நகரத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு விடுதி இருந்தது. ஆனால் உயேச்சி தூதரும் அல்லர், வணிகரும் அல்லர். நிலத்தை உழுது வளர்ந்த கையோடு போய், சௌ ஸீஹே என்ற ஆசிரியரை அடைந்து, அவருக்குச் சிஷ்யரானார். மூலிகை வைத்தியமும் அவரிடமே பழகினார் என்பர்.

பதின்மூன்று வருஷங்களுக்குப் பிறகு, 1910இல், அவர் தாய்நாடு திரும்பினார். திரும்புகையில் அவர் கொண்டுவந்த பாடங்கள் மூன்று: சன்சின், செய்சான், சன்செய்ரூ. அடியையும் தடுப்பையும் அடிவைப்பையும் மாறாத வரிசையில் அமைத்து, எதிராளி எதிரே நிற்பதாகப் பாவித்துத் தனியே செய்துபோகும் பாடத்தைக் கராத்தேக்காரர்கள் ‘கட்டா’ என்பார்கள். இன்றைய மாணவன் ஒரு வருஷத்திலேயே இத்தகைய கட்டாக்கள் ஐந்தாறு கற்றுவிடுகிறான். உயேச்சியோ பதின்மூன்று வருஷத்தில் மூன்றே மூன்று. கணக்குப் பார்க்கிறவனுக்கு இது பெரிய நஷ்டமாகத் தோன்றும். வருஷக்கணக்கில் சரளி வரிசையையே பாடிப்பாடிக் குரலைப் பதப்படுத்திக்கொண்ட பழைய சங்கீத மாணாக்கர்களை அறிந்தவர்களுக்கு மட்டும் அப்படித் தோன்றாது.

அம்மூன்றில் முதலாவதான சன்சினைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். பார்வைக்கு இதைவிட எளிய பாடம் ஒன்று இல்லை. மாணவன் இடுப்புக்கு மேலே உடையின்றி நிற்கிறான். பாதங்கள் தோளகலத்துக்கு விலகி, நுனிகள் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன, முழங்கால் மடிந்திருக்கிறது, இடுப்பெலும்பு முன்னுக்கு வாங்கப்பட்டு, வயிறு கல்லாக இறுகியிருக்கிறது. ஒரு காலைப் பிறைவடிவமாக இழுத்து ஓரடி முன்வைத்து, ஒரு கையை நீட்டிக் குத்தி, மீண்டும் பழைய நிலைக்கு வாங்குகிறான்; மூச்சை விடுகிறான்; அடுத்த அடி. அவ்வளவுதான். உயேச்சியின் மரபில் கை விரித்தே இருக்கும், விரல்நுனிகளே ஆயுதம். நாஹாவின் மற்றொரு மரபாகிய கோஜு-ரியூவில் கை முஷ்டியாக மூடியிருக்கும். மூச்சோ அறை முழுவதும் கேட்கும். இதற்கிடையில் வாத்தியார் பின்னால் வந்து, இரு உள்ளங்கைகளாலும் மாணவனுடைய தோளில் ஓங்கி அறைகிறார். தொடையை உதைத்துப் பார்க்கிறார். முதுகின் இரு பக்கங்களையும் தட்டித் தட்டி எங்கே தளர்ந்திருக்கிறது என்று விரலால் தேடுகிறார். தண்டிப்பதற்காக விழும் அடிகள் அல்ல இவை. உடம்பு பொய் சொல்கிறதா என்று விசாரிக்கும் கேள்விகள். தளர்ந்த இடம் தானே காட்டிக்கொடுத்துவிடும். சன்சின் முடிந்ததும் மாணவன், வாய் குறுகிய மண்ஜாடிகள் இரண்டை, விளிம்பை விரல்களால் மட்டும் கவ்வித் தூக்கிக்கொண்டு அதே அடிவைப்பில் நடப்பான். பழக்கம் ஏற ஏற ஜாடிக்குள் மணல் சேர்க்கப்படும். இரண்டு வாரத்துக்கு வருகிறவனுக்கு இந்த அடிவைப்பைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். தளர்ந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அது இறுகிவிட்டதா என்று மறுநாளும் மறுமாதமும் விசாரிக்கும் அந்த உள்ளங்கைகளை அவனுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. வாத்தியாருக்கு அவன் உடம்பு தெரியவேண்டும். அது தெரிய வருஷங்கள் ஆகும்.

தாய்நாடு திரும்பிய உயேச்சி வித்தையைக் கற்பிக்கவில்லை. சீனத்தில் அவரிடம் பயின்ற ஒருவன் அக்கம்பக்கத்துச் சண்டையில் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டான் என்றும், அந்தத் துயரம் தாளாமல் இனி எவருக்கும் கற்பிப்பதில்லை என்று அவர் விரதம் பூண்டார் என்றும் அவருடைய மரபினர் சொல்லுவார்கள். மணம் செய்துகொண்டு நிலத்தை உழுதார். 1924இல் பிழைப்புக்காக ஜப்பானின் வக்காயாமாவுக்குப் போய் நூற்பாலையில் தொழிலாளியாக அமர்ந்தார். அங்கே, தொழிலாளர் குடியிருப்பில் பக்கத்தில் வசித்த சக ஓகினாவாக்காரராகிய தொமோயோசே ரியூயூ என்ற இளைஞர், இவரிடம் ஏதோ வித்தை இருக்கிறது என்று ஊகித்து, மெல்ல மெல்லக் கேட்டு, மன்றாடி, கடைசியில் கதவைத் திறக்கச் செய்தார். இன்று கண்டங்கள் தோறும் பயிலப்படும் உயேச்சி-ரியூ என்னும் மரபு அந்த ஆலைக் குடியிருப்பில் பிறந்தது. பதின்மூன்று வருஷம் கற்று, அதற்குச் சற்றேறக்குறைய சமமான காலம் மௌனமாக இருந்த மனிதரின் வித்தை அது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது. கற்றதை உடனே காட்டிவிடத் துடிக்கும் நம்முடைய அவசரத்துக்கு இது எவ்வளவு தொலைவில் இருக்கிறது!

இங்கே ஒரு சிறு விலகல் அவசியமாகிறது. சீனத்து வித்தை என்றவுடனே தமிழ் வாசகர்கள் பலருக்குப் போதிதர்மரின் நினைவு வரும். தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்ற பௌத்த ஆசாரியர் அவர் என்பதைச் சீனத்துப் பழைய குறிப்புகளே சொல்லுகின்றன. காஞ்சியிலிருந்து சென்றவர் என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட நம்பிக்கை. ஆயினும் ஷாவ்லின் மடத்துத் துறவிகளுக்கு யுத்த வித்தையைக் கற்பித்தவர் அவர் என்ற கதைக்கு ஆதாரமான நூல் பதினேழாம் நூற்றாண்டில்தான் தோன்றியது என்று சீன அறிஞர்களே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். நம்முடைய பெருமைக்கு இந்தக் கதை வேண்டியதில்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழர்கள் தங்களோடு சிலம்பத்தைக் கொண்டுபோனார்கள். இன்றும் மலேசியாவில் அதற்குச் சங்கங்களும் போட்டிகளும் உள்ளன. மூட்டை முடிச்சோடு போன ஏழைகள் காப்பாற்றிய வித்தை அது. உயேச்சியின் கதைக்கு உடன்பிறப்பான கதை.

உயேச்சி சீனத்துக்குப் போனார் என்றால், ஃபுனகோஷி கிச்சின் டோக்கியோவுக்குப் போனார். இவர் கற்கப் போனவர் அல்லர், காட்டப் போனவர். 1868இல் பிறந்து, பள்ளி ஆசிரியராக வாழ்ந்து, 1922இல் தலைநகரத்தில் நடந்த தேகப்பயிற்சிக் கண்காட்சியில் ஓகினாவாவின் கராத்தேயைச் செய்துகாட்டச் சென்றவர், சீக்கிரமே திரும்பிவிடும் உத்தேசத்தோடுதான் சென்றார். இளமையில், தெக்கி என்ற பெயருடைய மூன்று கட்டாக்களைக் கற்பதில் மட்டும் பத்து வருஷங்களைச் செலவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். மறுபடியும் மூன்று என்ற எண் வருவதைக் கவனிக்க வேண்டும். டோக்கியோவில் அவருக்கு வீடில்லை. ஓகினாவா மாணவர்களுக்காக ஏற்பட்டிருந்த மெய்செய் ஜுக்கு என்ற விடுதியில் ஒரு சிறு அறை கிடைத்தது. அதற்கு ஈடாக, விடுதியைப் பெருக்குவதும் தோட்டத்தைப் பராமரிப்பதும் காவல் இருப்பதும் அவருடைய வேலையாயின. ஐம்பது வயதைக் கடந்தவர், ஊரில் மதிக்கப்பட்ட ஆசிரியர், மனைவியை ஓகினாவாவிலேயே விட்டு வந்தவர், கையில் துடைப்பத்தோடு நின்றார். ஒருநாள் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அவரிடமே, ‘ஃபுனகோஷி அவர்கள் எங்கே?’ என்று விசாரித்தார். ‘சற்றுப் பொறுங்கள்’ என்று சொல்லி உள்ளே சென்றவர், நல்ல உடை தரித்து வாசலுக்கு வந்து, ‘நான்தான் ஃபுனகோஷி’ என்று வணங்கினாராம். வந்தவர் திகைத்துப் போனார். இந்த நிகழ்ச்சியை அந்தப் பெரியவர் தம் முதுமையில் எழுதிய சுயசரிதத்தில் சற்றும் மனக்கசப்பில்லாமல் விவரித்திருப்பதுதான் எனக்கு விசேஷமாகப் படுகிறது.

அவர் டோக்கியோவிலேயே தங்குவதற்குக் காரணமானவர்களில் பிரதானமானவர் கனோ ஜிகோரோ. பழைய ஜுஜுத்ஸு மரபுகள் இரண்டைக் கற்று, அவற்றின் ஆபத்தான பிரயோகங்களை ஒதுக்கி, 1882இல் எய்ஷோஜி என்ற கோவிலின் ஒரு பகுதியில் பன்னிரண்டு பாய்களை விரித்து, ஒன்பது மாணவர்களோடு கொதோக்கான் என்ற பள்ளியைத் தொடங்கி, அதற்கு ஜூடோ என்று பெயரிட்டவர் அவர். ஃபுனகோஷியைத் தம் பள்ளிக்கு அழைத்து, கராத்தேயைச் செய்துகாட்டச் சொல்லி, மிகுந்த சிரத்தையோடு பார்த்தார். பின்னும் கற்பிக்கும்படி கேட்டுக்கொண்டார். இன்று கராத்தேக்காரர்கள் உடுத்தும் வெள்ளை உடையும், இடையில் கட்டும் கறுப்புப் பட்டையும், ‘தான்’ என்னும் படிவரிசையும் கனோவின் ஜூடோவிலிருந்து வந்தவையே. தன் வீட்டுக்கு வந்த அந்நிய வித்தையைப் போட்டியாளனாகக் கருதாமல் உடை கொடுத்து உபசரித்த அந்தப் பெருந்தன்மை சாதாரணமானதன்று.

கனோவின் பள்ளியில் புதிதாகச் சேருகிறவன் எறியக் கற்பதற்குமுன் விழக் கற்கிறான். பின்பக்கம், பக்கவாட்டில், முன்பக்கம் என்று நாள்தோறும் விழுகிறான். முகவாயை மார்போடு சேர்த்து, தலை பாயில் படாதபடி, முதுகு தொடும் அதே கணத்தில் கையால் பாயை அறைந்து அதிர்ச்சியைப் பரத்திவிடுகிறான். உயரமானவனும் குள்ளமானவனும், ஊரில் பெரிய வீரன் என்று பேர் வாங்கியவனும் இந்த வாசலைக் கடந்தே ஆகவேண்டும். இந்த வித்தையைத் தேடி வரும் அயல்நாட்டார், எறிவதைக் காட்டிலும் விழுவதிலேயே அதிகம் தடுமாறுகிறார்கள் என்று பழைய வாத்தியார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தன் ஊரில் கறுப்புப் பட்டை கட்டியவனுக்கு, மறுபடியும் முதல் நாள் மாணவனாகப் பாயில் விழச் சம்மதிப்பது உடம்பைவிட மனத்துக்கே அதிக வேதனையான காரியம்.

அந்தப் பள்ளியில் பயின்ற மைதா மித்சுயோ என்பவர் 1904இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். இவருடைய பிரயாணத்தைச் சொல்லும்போது நான் மேலே கூறியதற்கு எதிர்வழக்கு ஒன்று எழுவதை மறைக்க முடியாது. ஏனெனில் மைதா ஓரிடத்திலும் நிலைத்துத் தங்காமல் அமெரிக்கா, இங்கிலாந்து, பெல்ஜியம், ஸ்பெயின், கியூபா, மெக்சிகோ என்று சுற்றி, கொட்டகைகளிலும் மேடைகளிலும் குஸ்திக்காரர்களோடும் குத்துச்சண்டைக்காரர்களோடும் பணத்துக்காக மோதினார். பணத்துக்கு மோதுவது கொதோக்கானின் தர்மத்துக்கு விரோதம். ஆயினும் அவர் அவ்வாறு சுற்றியது, டோக்கியோவில் ஒரே பள்ளியின் பாயில் வருஷக்கணக்காக விழுந்து எழுந்த பிறகு. கற்றது ஓரிடத்தில், பரீட்சை பல இடங்களில். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் எவருடைய வித்தையும் நிலைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

மைதா 1914இல் பிரேசிலை அடைந்தார்; அமேசான் நதியின் முகத்துவாரத்தை அடுத்த பெலேம் நகரத்தில் குடியேறி, அங்கே வந்த ஜப்பானியக் குடியேற்றக்காரர்களுக்கு உதவிசெய்து வாழ்ந்து, தாய்நாட்டுக்குத் திரும்பாமலே 1941இல் மறைந்தார். அந்நகரத்தில் அவருடைய வித்தையைக் கற்ற சிறுவர்களில் ஒருவன் கார்லோஸ் கிரேசி. அவனுடைய தம்பி ஹீலியோ மெலிந்த உடம்புக்காரன். அண்ணன் கற்பிப்பதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தே கற்றான் என்று குடும்பத்தார் சொல்லுவார்கள். நின்று எறியும் பலம் தனக்குப் போதாது என்று கண்ட ஹீலியோ, தரையில் கிடந்தபடியே கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்தி, பலத்தைவிட நெம்புகோல் தத்துவத்தையும் பொறுமையையும் நம்பும் ஒரு முறையை வளர்த்தான். ஜப்பானில் ஒரு பகுதியாக இருந்தது பிரேசிலில் முழு வித்தையாயிற்று.

அதன் பரீட்சை 1951ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா விளையாட்டரங்கில் நடந்தது. ஜப்பானிலிருந்து வந்த கிமுரா மசாஹிகோ அக்காலத்தில் ஜூடோவில் நிகரற்றவர். ஹீலியோவைவிட எடையும் பலமும் மிகுதியாக உடையவர். இரண்டாம் சுற்றில் கிமுரா ஹீலியோவின் கையைப் பின்புறமாக மடக்கித் திருகினார். எலும்பு முறிந்தது. ஹீலியோ தோல்வியை ஒப்பவில்லை. கிமுரா மேலும் திருகினார், அப்பொழுதும் ஒப்பவில்லை. அண்ணன் கார்லோஸ் துண்டை எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார். இதற்குப்பின் கிரேசி குடும்பத்தார் செய்த காரியத்தை நான் மிகவும் உயர்வாக மதிக்கிறேன். தங்கள் வீட்டுப் பிள்ளையின் கையை முறித்த அந்தப் பிடிக்குக் கிமுராவின் பெயரையே சூட்டி, தங்கள் பள்ளியில் பாடமாக வைத்தார்கள். அவர்களுடைய வித்தை இன்று ஜியு-ஜித்ஸு என்று வழங்குகிறது; உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் ஜியு-ஜித்ஸு கூடத்துக்குப் போனாலும், வாத்தியார் ‘கிமுரா’ என்றவுடன் மாணவன் எதிராளியின் மணிக்கட்டைப் பற்றுகிறான். வென்றவர்மேல் வஞ்சம் வைக்காமல், அவரைக் குருவாக்கிக்கொண்ட செயல் இது.

நம் தேசத்திலும் இவ்விதைகள் விழுந்தன. ரவீந்திரநாத தாகூர் சாந்திநிகேதனத்துக்கு ஜப்பானிலிருந்து ஜூடோ ஆசிரியர்களை வரவழைத்தார். 1905இல் சானோ ஜின்னோசுகேயும், 1929இல் தக்காகாக்கி ஷின்ஸோவும் அங்கே கற்பித்தார்கள். பெண்களும் பயின்றார்கள், அவர்களில் ஒருவர் பொருளாதார அறிஞர் அமர்த்திய சென்னின் தாயார் அமிதா சென். ஆனால் அந்த ஆசிரியர்கள் சில வருஷங்களிலேயே புறப்பட்டுவிட்டார்கள். அவர்களுக்குப்பின் அதைத் தொடர்ந்து வளர்க்க அங்கே ஒரு கார்லோஸ் கிரேசியோ ஒரு தொமோயோசேயோ அமையவில்லை. நல்ல ஆசிரியர் கடல் கடந்து வந்தால் மட்டும் போதாது. தன் ஆயுளைக் கொடுக்கச் சித்தமான சிஷ்யன் ஒருவன் அங்கே காத்திருக்க வேண்டும்.

அத்தகைய சிஷ்யன் ஒருவன் ஹாலந்தில் இருந்தான். ஆன்டன் கீசிங்க், உட்ரெக்ட் நகரத்துக்காரர். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். பிரான்சின் போர்தோ நகரத்தில் குடியேறியிருந்த மிச்சிகாமி ஹாகுவிடம் கற்றார். ஜப்பானுக்கே போய் அங்குள்ள பல்கலைக்கழக மாணவர்களோடும் பயின்றார். 1961இல் பாரிஸில் உலக வீரரானார். மூன்று வருஷத்துக்குப்பின் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது; அதற்கென்றே நிப்பான் புதோக்கான் என்ற மண்டபம் எழுப்பப்பட்டது. எடைப்பிரிவுகள் மூன்றிலும் ஜப்பானியரே தங்கம் பெற்றனர். எடை வரம்பில்லாத பிரிவே எஞ்சியிருந்தது. ஜூடோ உண்மையில் எடையை வெல்லும் வித்தைதானா என்பதற்கு அதுவே சான்று என்று ஜப்பானியர் கருதியிருந்தார்கள். அதன் இறுதி ஆட்டத்தில், 1964 அக்டோபர் 23ஆம் தேதி, கீசிங்க் கமினாகா அகியோவைப் பாயில் கிடத்தி, கழுத்தையும் கையையும் சேர்த்து அணைத்து, முப்பது விநாடி அசையவிடாமல் பிடித்து வென்றார். மணி ஒலித்த கணத்தில் அவருடைய தேசத்தார் சிலர் ஆனந்தம் தாங்காமல் பாயை நோக்கி ஓடிவந்தார்கள். கீசிங்க் எழுந்து நிற்பதற்கு முன்பே கையை உயர்த்தி, வரவேண்டாம் என்று அவர்களைத் தடுத்தார். அதன் பிறகே தோற்றவருக்குத் தலைவணங்கினார். ஜப்பானியர் அன்று அழுதார்கள். ஆனால் அந்தக் கை உயர்ந்ததை அவர்கள் மறக்கவே இல்லை. தங்கள் வித்தையை அந்நியன் கவர்ந்துகொண்டான் என்ற எண்ணம், தங்கள் வித்தையை அவன் முழுதாகக் கற்றான் என்ற எண்ணமாக மாறியதற்கு அந்தக் கணமே காரணம் என்று நான் நம்புகிறேன்.

அதே மண்டபத்தில், 2021 ஆகஸ்டில், கராத்தே ஒலிம்பிக் மேடை ஏறியது. பெண்களுக்கான கட்டாப் போட்டியில் ஸ்பெயின் தேசத்து சாண்ட்ரா சாஞ்சேஸ், ஜப்பானின் ஷிமிசு கியோவை வென்று தங்கம் பெற்றார். மறுநாள் ஆண்கள் போட்டியில் ஓகினாவாவின் கியூனா ரியோ வென்றார். இறுதியில் அவர் செய்த ஓஹான் தாய் என்ற கட்டா ரியூயெய்-ரியூ மரபைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நக்காய்மா நோரிசாதோ என்ற இளைஞர் ஃபூசோவில் கற்று வந்து, வெளியார் கண்ணில் படாமல் தம் குடும்பத்துக்குள்ளேயே காத்துவந்த மரபு அது. மறைத்து வைத்த வித்தையும், உலகத்துக்கு வாரி வழங்கிய வித்தையும் இரண்டு நாட்களுக்குள் ஒரே பாயில் தங்கம் பெற்றன.

சிஷ்யன் முழுதாகக் கற்றுவிட்டால் குருவின் வீட்டிலேயே மாறுதல் கேட்கும் உரிமை அவனுக்கு வந்துவிடுகிறது. பிற்காலத்தில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உறுப்பினரான கீசிங்க், ஆட்டக்காரர் இருவரும் வெள்ளை உடுத்தினால் பார்வையாளருக்கும் நடுவருக்கும் ஆள் விளங்குவதில்லை, ஒருவர் நீலம் உடுத்தட்டும் என்று 1980களில் யோசனை கூறினார். கனோ கொடுத்த வெள்ளையை மாற்றுவதா என்று ஜப்பான் பல ஆண்டுகள் வாதாடியது. 1997இல் சர்வதேச ஜூடோ சம்மேளனம் நீலத்தை ஏற்றுக்கொண்டது. இப்பொழுது உலகப் போட்டிகளில் ஒருவர் வெள்ளையும் ஒருவர் நீலமுமாக எதிர்நிற்கிறார்கள். அனைத்து ஜப்பான் சாம்பியன்ஷிப் போட்டியிலோ இருவரும் வெள்ளையே உடுத்தி, அடையாளத்துக்காக ஒருவர் சிவப்புப் பட்டையைக் கூடுதலாக இடையில் கட்டிக்கொண்டு பாயில் இறங்குகிறார்கள்.